மாம்லத்தார்களின் வாக்குமூலம்: கையூட்டுக் கொடுத்தவர் குற்றவாளியா, சாட்சியா?

(நீண்ட பதிவு. வரலாறு, சட்டம், சமூகவியல் பயிலும் மாணவர்களை மனத்தில் கொண்டு எழுதியது. பொறுமையாக வாசிக்க வேண்டுகிறேன்.)

சில வாரங்களுக்கு முன், நவீன இந்திய நிருவாக வரலாறு பற்றிய வகுப்பு முடிந்தபின் மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார். விதர்பாவின் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்தவர். தாத்தா இறந்தபின் நிலப்பதிவேட்டில் தந்தையின் பெயரை ஏற்றுவதற்கு ஓராண்டுக்கு மேல் அலைந்திருக்கிறார்கள். பயிர்க்கடனுக்கு விண்ணப்பிக்கும் காலம் நெருங்கியது. நிலச்சாற்று இல்லாமல் வங்கி கடன் தராது. கடைசியில் கேட்ட பணத்தைக் கொடுத்தார்கள், வேலை முடிந்தது. தம் தந்தையும் சட்டப்படி குற்றவாளிதானா என்பதே அவருடைய கேள்வி.

அன்று நான் சொன்ன பதில் எனக்கே நிறைவளிக்கவில்லை. சட்டப்பிரிவுகளைச் சொன்னேன்; அவர் கேட்டது அதுவன்று. அதே கேள்வி 137 ஆண்டுகளுக்கு முன் பூனா நகரையும், மத்தியச் சட்டமன்றத்தையும், இலண்டன் பாராளுமன்றத்தையும் ஒருங்கே உலுக்கியது என்பது வீடு திரும்பும் வழியில்தான் நினைவுக்கு வந்தது. கிராஃபோர்டு வழக்கு என்று அறியப்படும் அந்நிகழ்வைப் பற்றிய இப்பதிவை அந்த மாணவருக்கான தாமதமான மறுமொழியாகக் கொள்ளலாம்.

நிலநிருவாக ஊழல் குறித்து எழுதுவோர் வழக்கமாக அர்த்தசாத்திரத்திலிருந்து தொடங்குவார்கள். அரசுப் பொருளை அலுவலர் கவரும் நாற்பது வழிகளை அந்நூல் பட்டியலிடுகிறது. ஆனால் அப்படித் தொடங்குவதில் ஓர் இடர் உண்டு. ஊழல் என்பது மனித இயல்பு, என்றும் இருந்தது, என்றும் இருக்கும் என்ற எண்ணத்தை அது விதைத்துவிடுகிறது. அது உண்மையென்றால் வரலாற்றாசிரியனுக்கு வேலையே இல்லை. எந்த அமைப்பில், எவர் எவரிடம், எதன்பொருட்டுப் பணம் பெற்றார், அகப்பட்டபோது யார் தண்டிக்கப்பட்டார் என்பவையே நாம் கேட்கவேண்டிய கேள்விகள்.

1

முதலில் மாம்லத்தார் என்ற பதவியைப் புரிந்துகொள்வோம். பம்பாய் மாகாணத்தில் ஒரு தாலுகாவின் தலைமை வருவாய் அலுவலர் அவர். நம் ஊர்த் தாசில்தாருக்கு ஏறக்குறைய நிகரானவர். அவருக்குக் கீழே ஊர்தோறும் வரி தண்டும் பாட்டீல், கணக்கு எழுதும் குல்கர்ணி. அவருக்கு மேலே உதவி ஆட்சியர்கள், மாவட்ட ஆட்சியர், அதற்கும் மேலே பல மாவட்டங்களை உள்ளடக்கிய கோட்டத்தின் ஆணையர்.

நிலவரி வசூல், விளைச்சல் பொய்த்த ஆண்டில் தள்ளுபடிக்கான பரிந்துரை, கிணறு வெட்டவும் மாடு வாங்கவும் தரப்படும் தக்காவிக் கடன், எல்லைத் தகராறு ஆகிய அனைத்தும் மாம்லத்தாரின் மேசையைக் கடந்தே சென்றன. அவருக்கு நீதித்துறை அதிகாரமும் இருந்தது. சிறு குற்றங்களை விசாரிக்கும் மாஜிஸ்திரேட்டும் அவரே. நிலத்தின் அனுபோகம் யாருடையது என்ற வழக்கைத் தீர்க்கும் அதிகாரத்தை 1876ஆம் ஆண்டின் மாம்லத்தார் நீதிமன்றச் சட்டம் அவருக்கு வழங்கியது. வரி கேட்பவரும், வரி மிகுதி என்ற முறையீட்டைக் கேட்பவரும், வரப்புச் சண்டையில் தீர்ப்புச் சொல்பவரும் ஒருவரே என்றால், குடியானவருக்கு அவரைத் தவிர்த்துச் செல்ல வேறு வாயில் இல்லை.

இந்த அதிகாரத்திற்கு ஈடாக அவர் பெற்ற ஊதியம் மிகக் குறைவு. இதற்கு ஒரு முன்வரலாறு உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கார்ன்வாலிஸ் வங்காளத்தில் நிருவாகத்தைச் சீரமைத்தபோது, ஊழலுக்குக் காரணம் குறைந்த சம்பளமே என்று முடிவுசெய்து, ஆங்கிலேய ஆட்சியருக்கு மாதம் 1,500 ரூபாய் ஊதியத்தோடு வசூலில் ஒரு பங்கையும் வழங்க ஏற்பாடு செய்தார். அதே தர்க்கம் இந்திய ஊழியர்களுக்குப் பொருந்தும் என்று அவர் கருதவில்லை. அவர்களை உயர்பதவிகளிலிருந்து விலக்கியே வைத்தார். மதராசில் தாமஸ் மன்றோ 1824ஆம் ஆண்டுக் குறிப்பில் இந்த முரணைச் சுட்டிக்காட்டினார். பொறுப்பும் மதிப்பும் நல்ல ஊதியமும் தராமல் நேர்மையை மட்டும் எதிர்பார்ப்பது முறையன்று என்பது அவர் வாதம். எனினும் வெள்ளையரின் நேர்மையைச் சம்பளத்தால் காப்பது, இந்தியரின் நேர்மையைத் தண்டனையால் காப்பது என்ற இரட்டை அளவுகோல் அந்த நூற்றாண்டு முழுவதும் நீடித்தது.

2

ஆர்தர் டிராவர்ஸ் கிராஃபோர்டு சாதாரண அதிகாரியல்லர். 1865 முதல் 1871 வரை பம்பாய் மாநகராட்சியின் முதல் ஆணையராக இருந்து, நகரின் சாக்கடை, சாலை, குடிநீர் ஆகியவற்றில் பெரும் மாற்றங்களைச் செய்தவர். 1869இல் கட்டி முடிக்கப்பட்ட புகழ்பெற்ற சந்தைக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. அரசுப் பணத்தை அளவின்றிச் செலவிட்டார் என்ற குற்றச்சாட்டும் அப்போதே எழுந்தது. சொந்த வாழ்க்கையிலும் அவர் பெருங்கடனாளி.

1880களில் அவர் பூனாவைத் தலைமையிடமாகக் கொண்ட மத்தியக் கோட்டத்தின் ஆணையராக இருந்தார். பூனா, சாத்தாரா, சோலாப்பூர், அகமத்நகர், நாசிக், கான்தேஷ் ஆகிய மாவட்டங்கள் அதில் அடங்கின. 1875இல் குடியானவர்கள் வட்டிக்கடைக்காரர்களின் கடன்பத்திரங்களைப் பறித்து எரித்த தக்காணக் கலவரமும், 1876–78 பெரும்பஞ்சமும் தாக்கிய பகுதிகள் இவற்றில் பல. அந்த நிலப்பரப்பின் மாம்லத்தார்களுடைய பதவி உயர்விலும் இடமாற்றத்திலும் ஆணையரின் சொல்லே பெரிதும் செல்லுபடியானது.

அவருக்காகப் பணம் தண்டுகிறார் என்று ஊரறிய பேசப்பட்டவர் ஹன்மந்தராவ் ஜாகிர்தார். பதவி உயர்வு வேண்டுமா, நல்ல தாலுகா வேண்டுமா, தொலைதூர இடமாற்றத்தைத் தவிர்க்க வேண்டுமா, அவரைப் பார்க்கவேண்டும் என்பது மாம்லத்தார்களிடையே பரவியிருந்த பேச்சு. 1888இல் ஆளுநர் ரே பிரபுவின் அரசு விசாரணையில் இறங்கியது. ஹன்மந்தராவ் தனியே விசாரிக்கப்பட்டுச் சிறைத்தண்டனை பெற்றார். கிராஃபோர்டு பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். 1850ஆம் ஆண்டின் அரசு ஊழியர் விசாரணைச் சட்டப்படி, கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதி வில்சன் தலைமையில் மூவர் ஆணையம் பூனாவில் கூடியது.

அரசுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் எழுந்தது. பணம் கைமாறியதை அறிந்தவர்கள் இருவகையினர் மட்டுமே: வாங்கியவர்கள், கொடுத்தவர்கள். கொடுத்த மாம்லத்தார்கள் வாய்திறந்தால்தான் வழக்கு நிற்கும். திறந்தால் அவர்களும் கையூட்டுக்கு உடந்தையானவர்கள் என்ற குற்றத்துக்கு ஆளாவார்கள். ஆகவே, உண்மையைச் சொல்பவர் மீது வழக்கும் வராது, வேலையும் போகாது என்று பம்பாய் அரசு உறுதியளித்தது. அதை நம்பிப் பல மாம்லத்தார்கள் சாட்சி சொன்னார்கள்.

முடிவு அரசு எதிர்பார்த்ததாக இல்லை. கையூட்டுக் குற்றச்சாட்டுகளிலிருந்து ஆணையம் கிராஃபோர்டை விடுவித்தது. தம் அதிகாரத்துக்கு உட்பட்டவர்களிடம் விதிகளை மீறிக் கடன் வாங்கினார் என்பது மட்டுமே மெய்ப்பிக்கப்பட்டதாக ஏற்கப்பட்டது. பம்பாய் அரசு இதனோடு உடன்படவில்லை. இலண்டனில் இந்தியச் செயலர் கிராஸ் பிரபு கையூட்டு விடயத்தில் ஆணையத்தின் முடிவை ஏற்று, கடன் வாங்கிய குற்றத்துக்காக அவரைப் பணியிலிருந்து நீக்கினார். கிராஃபோர்டு இங்கிலாந்து திரும்பினார். பிற்காலத்தில் தம் இந்திய நினைவுகளை நூல்களாகவும் எழுதினார்.

சட்டத்தின் கண்ணில் விளைந்த விந்தையைக் கவனியுங்கள். கையூட்டு வாங்கிய குற்றம் ஆணையர்மீது மெய்ப்பிக்கப்படவில்லை. ஆனால் கையூட்டுக் கொடுத்ததாகத் தாமே ஒப்புக்கொண்ட மாம்லத்தார்கள் எஞ்சி நின்றார்கள்.

3

இதன்பின் விவாதம் திசைமாறியது. காசு கொடுத்துப் பதவி வாங்கியதாக ஒப்புக்கொண்டவர்கள் தொடர்ந்து மாஜிஸ்திரேட்டுகளாக அமர்ந்து மக்களுக்கு நீதி வழங்கலாமா என்ற குரல் இந்திய ஆங்கிலேயர் நடத்திய ஏடுகளிலும் இலண்டனிலும் வலுத்தது. பதவியை விலைக்கு வாங்கியவர் நீதியை விலைக்கு விற்கமாட்டார் என்பதற்கு என்ன உறுதி? இக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் அதை உரக்க எழுப்பியவர்களில் பலர், கிராஃபோர்டு விடுவிக்கப்பட்டதைக் குறித்து அதே அளவு கவலைப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

ரே பிரபு கொடுத்த வாக்குறுதியைக் காப்பாற்ற முயன்றார். 1889இல் மத்தியச் சட்டமன்றத்தில் சாட்சிகளுக்கான தண்டனைவிலக்குச் சட்டம் நிறைவேறியது. ஆயினும் அது குற்றவழக்கிலிருந்தே காத்தது. வேலையை முழுமையாகக் காக்கவில்லை. மாம்லத்தார்கள் வகைபிரிக்கப்பட்டார்கள். மிரட்டலுக்கு அஞ்சிக் கொடுத்தவர் ஒருவகை; முன்னேற்றத்தை விரும்பித் தாமாகக் கொடுத்தவர் மற்றொரு வகை. முதல் வகையினர் மன்னிக்கப்பட்டார்கள். இரண்டாம் வகையினர் பதவியிழந்தார்கள்.

பூனாவின் கற்றோர் உலகம் கொதித்தது. வாக்களித்துச் சாட்சியை வரவழைத்துவிட்டு, பின்னர் அச்சாட்சியத்தையே காரணமாக்கி வேலையைப் பறிப்பது நம்பிக்கைத் துரோகம் என்று கண்டனக்கூட்டம் நடந்தது. அதில் முன்னின்றவர்களில் ஒருவர் பால கங்காதர திலகர். அப்போது அவருக்கு வயது 33. அவருடைய பொதுவாழ்வின் தொடக்ககால இயக்கங்களுள் இது முக்கியமானது.

திலகர் தரப்பின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. உயர் அதிகாரி கேட்கும்போது கீழ் அலுவலர் மறுக்கும் நிலையில் இருந்தாரா? மறுத்தவரைக் காக்க அரசிடம் என்ன ஏற்பாடு இருந்தது? கோட்டம் முழுவதும் பேசப்பட்ட ஒன்றை அரசு பல ஆண்டுகள் அறியாமல் இருந்தது எப்படி? வெள்ளை அதிகாரிக்கு ஒரு நீதி, இந்திய அலுவலருக்கு வேறொரு நீதியா? காலனி ஆட்சியின் இனப்பாகுபாட்டை இவ்வழக்கு அப்பட்டமாக்கியது என்பதில் ஐயமில்லை.

4

ஆனால் இந்த விவாதத்தின் இரு தரப்பிலும் காணப்படாத ஒருவர் உண்டு.

மாம்லத்தாரின் ஊதியத்தையும் அவர் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட தொகைகளையும் ஒப்பிடும் எவருக்கும் எழவேண்டிய கேள்வி, அப்பணம் எங்கிருந்து வந்தது என்பது. சிலர் கடன் வாங்கியிருக்கலாம். சிலர் குடும்பச் சொத்தை விற்றிருக்கலாம். எஞ்சியவர்கள் அதை யாரிடம் ஈடுசெய்தார்கள்? தள்ளுபடிக்குப் பரிந்துரை வேண்டி நின்றவரிடமா? வரப்பு வழக்கில் தீர்ப்புக்குக் காத்திருந்தவரிடமா? குற்றம் சாட்டப்பட்டவர் கிராஃபோர்டு. விசாரணையின் வரம்பு அவரோடு நின்றது. மாம்லத்தார் யாருக்குக் கொடுத்தார் என்று ஏடு ஏடாக எழுதப்பட்டது. மாம்லத்தாருக்கு யார் கொடுத்தார் என்பது ஆணையத்தின் வேலையாக இருக்கவில்லை.

கேட்டிருக்க முடியாது என்று சொல்லிவிட முடியாது. அதற்கு 33 ஆண்டுகளுக்கு முன் மதராஸ் மாகாணத்தில் அது நடந்திருக்கிறது. வரி வசூலில் சித்திரவதை நடக்கிறதா என்று ஆராய அமைந்த எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகியோரின் ஆணையம் 1855இல் அறிக்கை அளித்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் முறையீடுகள் அதற்கு வந்தன. நூற்றுக்கணக்கானோர் நேரில் வந்து நின்றார்கள். விரல்களை இடுக்கி நெரிக்கும் கிட்டி, கழுத்தைக் காலோடு பிணைத்துக் குனியவைக்கும் அண்ணாந்தாள் போன்ற கொடுமைகள் அதிகாரபூர்வ ஏட்டில் ஏறின. வரிக்காக மட்டுமன்றி, அலுவலர்கள் தம் சொந்தக் கையூட்டைப் பறிக்கவும் அவை பயன்பட்டன என்பதும் அந்த அறிக்கையில் உண்டு. எனினும் அவ்வாணையமும் பழியை இந்தியக் கீழ் அலுவலர்மீதே சுமத்தியது. ஐரோப்பிய அதிகாரிகளுக்கு அதில் பங்கில்லை என்று எழுதியது. மதராசில் குடியானவர் பேசினார், மேலதிகாரி தப்பினார். பூனாவில் மேலதிகாரி விசாரிக்கப்பட்டார், குடியானவர் பேசவில்லை. சங்கிலியின் இரு முனைகளையும் ஒரே வழக்கில் வைத்துப் பார்த்த விசாரணை இவ்விரண்டில் எதுவுமில்லை.

பூனாவிலேயே ஒருவர் மறுமுனையிலிருந்து எழுதிக்கொண்டிருந்தார். ஜோதிராவ் புலே 1883இல் எழுதி முடித்த 'ஷேத்கர்யாசா ஆசூட்' என்ற நூலின் தலைப்புக்கு 'உழவனின் சாட்டை' என்று பொருள். குல்கர்ணியின் ஏட்டிலிருந்து மாம்லத்தார் கச்சேரி வரை, வாய்க்கால் நீரிலிருந்து நீதிமன்றம் வரை உழவர் எங்கெங்கே பணம் இழக்கிறார் என்பதை அந்நூல் அடுக்கிச் சொல்கிறது. அன்றைய அலுவலகங்கள் பெரிதும் பிராமணர் கையில் இருந்தன. ஆங்கில அதிகாரிகள் சொகுசில் மூழ்கி ஆட்சியை அவர்களிடம் விட்டுவிட்டார்கள் என்பது புலேயின் குற்றச்சாட்டு. உழவர் கல்வி பெறாதவரை கணக்கு எழுதுபவரின் பேனாவே அவருக்கு எசமான் என்று அவர் கண்டார்.

புலேயையும் திலகரையும் எதிரெதிரே நிறுத்தி ஒருவரை வெற்றியாளராக அறிவிப்பது என் நோக்கமன்று. இருவரும் உண்மையின் ஒவ்வொரு பகுதியைக் கண்டார்கள். மாம்லத்தார் மேலிருந்து பிழியப்பட்டார் என்பது உண்மை. அவர் கீழே பிழிந்தார் என்பதும் பல இடங்களில் உண்மையாகவே இருந்திருக்கும். ஒருவரே ஒரே நாளில் காலையில் பாதிக்கப்பட்டவராகவும் மாலையில் பாதிப்பவராகவும் இருக்கமுடிகிற அமைப்பு அது. காலனி அரசின் சட்டமொழிக்கு இதைச் சொல்ல வழியில்லை. அதற்குக் குற்றவாளி, சாட்சி என்ற இரண்டே கட்டங்கள்.

5

இந்த அமைப்பு விடுதலையோடு மறையவில்லை. ராபர்ட் வேட் என்ற அறிஞர் தென்னிந்தியக் கால்வாய்ப் பாசனத்தில் கள ஆய்வு செய்து 1982இல் வெளியிட்ட கட்டுரையை நிருவாக வரலாறு பயிலும் ஒவ்வொரு மாணவரும் படிக்கவேண்டும். பாசனப் பொறியாளர்கள் உழவர்களிடமும் ஒப்பந்தக்காரர்களிடமும் பணம் திரட்டுகிறார்கள்; அதில் ஒரு பகுதி மேலதிகாரிகளுக்கும் அரசியல்வாதிகளுக்கும் செல்கிறது; இவையனைத்தையும் இணைக்கும் ஆணி இடமாற்ற அதிகாரம். வருவாய் தரும் பணியிடத்துக்கு விலை உண்டு. விலை கொடுத்து வந்தவர் அதைக் குறுகிய காலத்தில் மீட்டாக வேண்டும். 1985இல் எழுதிய மற்றொரு கட்டுரையில் இதைப் பொதுப்பதவிகளின் சந்தை என்றே அவர் பெயரிட்டார்.

வேட் விவரிக்கும் பொறியாளருக்கும் 1888ஆம் ஆண்டின் மாம்லத்தாருக்கும் இடையே ஏறத்தாழ நூறாண்டு. ஆட்சி மாறிவிட்டது, துறை வேறு, மாநிலம் வேறு. இயங்குமுறை மட்டும் ஒன்று. தனிமனிதப் பேராசையை மட்டும் காரணமாகக் காட்டும் விளக்கம் இங்கே போதாது. நேர்மையான ஒருவர் அந்த நாற்காலிக்கு வந்தாலும், மேலே கட்டவேண்டியதைக் கட்டாவிட்டால் அவர் அங்கே நீடிக்கமுடியாது.

நம் சீர்திருத்தங்கள் பெரும்பாலும் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியையே குறிவைத்தன. உத்தரப் பிரதேசத்தில் ஜமீன்தாரி ஒழிப்பு நடைமுறைக்கு வந்த சில மாதங்களில், 1953இல், ஏறத்தாழ 27,000 பட்வாரிகள் தங்கள் கோரிக்கைகளை முன்வைத்துக் கூட்டமாகப் பதவிவிலகல் கடிதம் கொடுத்தார்கள். வருவாய் அமைச்சர் சரண் சிங் அவற்றை ஏற்றுக்கொண்டு, லேக்பால் என்ற புதிய பதவியை உருவாக்கினார். நிலப்பதிவைத் திரித்து எழுதி ஏழைக் குத்தகையாளரின் உரிமையைப் பறித்தவர்கள் என்ற வெறுப்பு பட்வாரிகள்மீது ஊரெங்கும் இருந்ததால் அந்த நடவடிக்கைக்கு ஆதரவு கிடைத்தது. தமிழ்நாட்டில் 1980 நவம்பரில் ஓர் அவசரச் சட்டத்தால் கர்ணம், மணியம் பதவிகள் ஒழிக்கப்பட்டதும், 1982இல் உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்ததும் இதே வரிசையில் வருபவை. பரம்பரை ஆதிக்கத்தை முறித்தவகையில் இவை பெரிய மாற்றங்கள். ஆனால் ஊரில் ஒரே ஒருவர் நிலக்கணக்கை வைத்திருப்பார், அவர் கையெழுத்தின்றி எதுவும் நகராது என்ற நிலை மாறவில்லை. ஏடு ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்குப் போனது.

கர்நாடகத்தின் 'பூமி' திட்டம் ஏட்டையே மாற்றியது. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் சுமார் 67 லட்சம் உழவர்களின் 2 கோடி நிலப்பதிவுகள் கணினியில் ஏற்றப்பட்டன. தாலுகா மையத்தில் அன்று 15 ரூபாய் கொடுத்து நிலச்சாற்றைப் பெற முடிந்தது. கிராமக் கணக்கரின் கையெழுத்துப்படி இனிச் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. நகல் பெறுவதற்கான கையூட்டு இதனால் குறைந்தது என்பதை மறுக்கமுடியாது. ஆயினும் பதிவின் நகலைத் தருவது வேறு. பதிவையே மாற்றுவது வேறு. வாரிசுப் பெயரேற்றம், உட்பிரிவு, அளந்து எல்லை குறித்தல் ஆகியவற்றுக்கு இன்றும் ஒரு மனிதர் நேரில் வந்து பார்த்து, ஓர் ஆணை எழுதவேண்டும். எங்கே ஒருவரின் விருப்புரிமை எஞ்சியிருக்கிறதோ அங்கேதான் கையூட்டும் எஞ்சியிருக்கிறது. என் மாணவரின் தந்தை ஓராண்டு காத்திருந்ததும் அங்கேதான்.

6

இனி அவர் கேள்விக்கு வருகிறேன்.

1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 24ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அரசு ஊழியர்மீதான வழக்கில், தாம் பணம் கொடுத்ததாக ஒருவர் கூறும் வாக்குமூலத்தைக் காரணமாக வைத்து அவர்மீது உடந்தைக் குற்றம் சாட்டமுடியாது என்று அது சொன்னது. பூனாவில் ரே பிரபுவின் அரசு கண்ட அதே நடைமுறைத் தேவையின் தொடர்ச்சி என்று இதைக் கருதலாம். கொடுத்தவர் பேசாமல் வாங்கியவரைப் பிடிக்கமுடியாது.

2011இல் அப்போதைய தலைமைப் பொருளாதார ஆலோசகர் கௌசிக் பாசு இன்னும் ஓர் அடி முன்னே சென்றார். தமக்கு உரியதைப் பெறுவதற்காகவே ஒருவர் தரும் கையூட்டில், கொடுப்பதைக் குற்றமற்றதாக்கி வாங்குவதை மட்டும் தண்டித்தால், கொடுத்தவரே முறையிட முன்வருவார் என்றார். ழான் திரேஸ் போன்றோர் இதை மறுத்தார்கள். கையூட்டுக் கொடுப்பது இயல்பானது என்ற எண்ணத்தை இது வலுப்படுத்தும் என்று அஞ்சினார்கள்.

2018ஆம் ஆண்டின் திருத்தம் எதிர்த்திசையில் சென்றது. 24ஆம் பிரிவு நீக்கப்பட்டது. கையூட்டுக் கொடுப்பது ஏழாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய தனிக்குற்றமானது. கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் காவல்துறையிடமோ புலனாய்வு அமைப்பிடமோ தெரிவித்தால் மட்டுமே அவருக்கு விலக்கு. அதே திருத்தம், அரசு ஊழியர் தம் பணியில் எடுத்த முடிவு குறித்து விசாரிக்க முன் அனுமதி தேவை என்ற பாதுகாப்பையும் சேர்த்தது; கையும் களவுமாகப் பிடிபடும் நேர்வுகளுக்கு மட்டும் அது பொருந்தாது.

ஆகச் சட்டத்தின் விடை இது: உங்கள் தந்தை கட்டாயத்தால் கொடுத்தவர், ஆனால் ஏழு நாட்களுக்குள் சொல்லவில்லை. எட்டாம் நாள் அவர் சாட்சி என்ற நிலையிலிருந்து குற்றவாளி என்ற நிலைக்கு நகர்ந்துவிட்டார்.

வரலாற்றின் விடை வேறு. கட்டாயத்தால் கொடுத்தவரையும் ஆதாயத்துக்காகக் கொடுத்தவரையும் பிரித்துப் பார்க்கவேண்டும் என்று 1889இலேயே இந்நாட்டில் ஓர் அரசு ஏற்றுக்கொண்டது. அந்தப் பிரிவினை அலுவலர்களுக்குச் செய்யப்பட்டது; அவர்களுக்காகப் பேசக் கூட்டங்களும் ஏடுகளும் இருந்தன. அதே அளவுகோலை உழவருக்குப் பொருத்திப் பார்க்க அன்று எவரும் முன்வரவில்லை. உழவரின் கட்டாயமோ மாம்லத்தாரின் கட்டாயத்தைவிடப் பெரிது. மாம்லத்தார் இழக்க இருந்தது நல்ல தாலுகா. உழவர் இழக்க இருப்பது பருவம். விதைக்கும் காலம் ஏழு நாள் காத்திருக்காது. முறையிட்டபின்னும் அடுத்த ஆண்டு அதே அலுவலகத்துக்கே, வேறொரு தாளுக்காக, அவர் போயாக வேண்டும். அவர் மௌனத்தைச் சம்மதம் என்று படிக்கும் சட்டம், நில அலுவலகம் எப்படி இயங்குகிறது என்பதை அறியாத சட்டம்.

கையூட்டு வழக்குகளில் முறையீட்டாளர் இறந்தாலும் பிறழ்சாட்சியானாலும் சூழ்நிலைச் சான்றுகளைக் கொண்டு குற்றத்தை மெய்ப்பிக்கலாம் என்று 2022 டிசம்பரில் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. முறையீட்டாளரின் தோளில் மட்டும் முழுச்சுமையையும் ஏற்றக்கூடாது என்பதற்கு அது ஒரு தொடக்கம்.

ஆய்வாளர்களாகிய நமக்கும் இதில் ஒரு கடமை உண்டு. கிராஃபோர்டு வழக்கின் ஆவணங்கள் ஆங்கிலத்தில், அச்சில், எளிதாகக் கிடைப்பவை; ஆகவே நாம் அதையே எழுதுகிறோம். குல்கர்ணி ஏடுகள், மோடி எழுத்தில் உள்ள தாலுகா முறையீடுகள், வட்டார மொழி இதழ்களின் வாசகர் கடிதங்கள் ஆகியவற்றில் இருக்கும் உழவரின் குரல் இன்னும் காத்திருக்கிறது. பணம் மேலே எங்கே போனது என்பதைப் போலவே, கீழே எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதும் வரலாறு நமக்கு வேண்டும். மோடி எழுத்துப் படிக்கத் தெரிந்த மாணவர் எவரேனும் இதை முனைவர்பட்டப் பொருளாக எடுத்தால் மகிழ்வேன்.

கடைசியாக ஒரு செய்தி. பம்பாயின் கிராஃபோர்டு சந்தைக்கு இன்று அதிகாரபூர்வப் பெயர் மகாத்மா ஜோதிபா புலே மண்டி. பூனாவில் 1886இல் திறக்கப்பட்ட ரே சந்தையின் இன்றைய பெயரும் மகாத்மா புலே மண்டிதான். குற்றம் சாட்டப்பட்டவர், விசாரணைக்கு ஆணையிட்டவர் ஆகிய இருவரின் பெயர்களும் பலகையிலிருந்து இறங்கி, இருவரும் கேளாத கேள்வியைக் கேட்டவரின் பெயர் ஏறியிருக்கிறது. பம்பாய்ச் சந்தையின் வாயிலுக்கு மேலே லாக்வுட் கிப்ளிங் வடித்த கற்புடைப்புச் சிற்பங்கள் உள்ளன. அவற்றில் இருப்பவர்கள் இந்திய உழவர்கள். அடுத்தமுறை அவ்வழியே செல்லும்போது அண்ணாந்து பாருங்கள். கிராஃபோர்டு பெயர் தாங்கிய கட்டடத்தின் முகப்பில் உழவருக்கு இடம் கிடைத்தது; அவருடைய வழக்கின் சாட்சிப் பட்டியலில் கிடைக்கவில்லை.